ஜாலி சுவரை நிலநடுக்கத்துக்குத் தயார்படுத்தியபோது கற்றவை

நிலநடுக்கம் என்றதும் வீடு தாங்குமா என்றுதான் முதலில் கேட்கிறோம். வீட்டைச் சுற்றி நிற்கும் மதிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1978 ஜூன் 12 அன்று ஜப்பானில் மியாகி கடற்கரைக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் பிளாக் சுவர், கல் மதில், வாசல் தூண் போன்றவற்றின் அடியில் சிக்கி இறந்தவர்கள். 2018 ஜூன் 18 அன்று ஒசாகா பகுதியில் நிலம் குலுங்கியபோது, பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நீச்சல் குளத்து மதில் விழுந்து இறந்தாள். கான்கிரீட் அடித்தளம் 1.9 மீட்டர், அதன் மேல் பிளாக் வரிசைகள் 1.6 மீட்டர். மேலே இருந்த பிளாக் பகுதி அப்படியே தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு முன்பக்கச் சுவர். நாங்கள் குடிவருவதற்கு முன்பே கட்டப்பட்டது. பூப்போன்ற வடிவத்தில் துளைகள் உள்ள சிமென்ட் ஜாலி கற்கள். ஒவ்வொன்றும் 30 செ.மீ. சதுரம், 10 செ.மீ. தடிமன். ஆறு வரிசை அடுக்கி 1.8 மீட்டர் உயரம். காற்றும் வெளிச்சமும் வரும், தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. எங்களுக்கு மிகவும் பிடித்த சுவர். ஒரு லேசான நில அதிர்வுக்குப் பிறகு கீழ்ப்பக்கக் கிடைமட்ட இணைப்பில் மயிரிழை விரிசல் ஒன்று நீளமாக ஓடியிருந்ததைப் பார்த்தேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். அதனால் பூசி மூடிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. கட்டட வடிவமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தேன்.

அவர் வந்ததும் விரிசலைப் பார்க்கவில்லை. முதலில் கற்களை அடுக்கியிருந்த முறையைப் பார்த்தார். செங்கல் சுவரில் ஒரு கல்லின் நடுவில் அடுத்த வரிசையின் இணைப்பு வருவதுபோல ஜாயின்ட் மாற்றிக் கட்டுவார்கள். கற்கள் ஒன்றை ஒன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும். ஜாலி கல்லில் வடிவம் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்பதால் கல்லுக்கு நேர் மேலே கல் வைக்கிறார்கள். செங்குத்து இணைப்பு அடியிலிருந்து உச்சி வரை ஒரே கோடு. "இது சுவர் இல்லைங்க. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஒல்லியான தூண்கள். நடுவில் கலவை மட்டும் இருக்கிறது" என்றார் அவர். எங்கள் சுவரின் இரு முனைகளிலும் தூண் இருந்ததால் அது பிடித்துக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். இப்படி அடுக்கிய சுவரில் பக்கவாட்டு விசை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போய் முனைத் தூணைச் சேர்வதற்கு வழியே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு அவர் கம்பி இருக்கிறதா என்று கண்டறியும் கருவியை இணைப்புகள் மேல் ஓட்டினார். கம்பியே இல்லை. வழக்கமான ஹாலோ பிளாக் என்றால் துளைகள் மேலிருந்து கீழாக இருக்கும். கம்பி இறக்கி கான்கிரீட் ஊற்றி நிரப்பலாம். ஜாலி கல்லில் துளை முன்னிருந்து பின்னாகப் போகிறது. கட்டி முடித்த பிறகு உள்ளே கம்பி நுழைக்க இடமே கிடையாது. பொதுவாக பிளாக் சுவரைப் பலப்படுத்தச் சொல்லப்படும் முறைகளில் பாதி இந்த ஒரு காரணத்தாலேயே ஜாலி சுவருக்கு ஒத்துவருவதில்லை.

அன்று அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. 10 செ.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் 240 கிலோ. ஜாலியில் பாதி துளை என்று வைத்தாலும் 120 கிலோ. 1.8 மீட்டர் உயரச் சுவரில் மூன்று மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 650 கிலோ. பார்ப்பதற்கு மெல்லியதாகவும் லேசாகவும் தெரியும் சுவர் அவ்வளவு எடை.

அடுத்தது இன்னும் முக்கியம். கலவையின் ஒட்டும் தன்மையை ஒதுக்கிவிட்டால், தனியாக நிற்கும் சுவர் சாயத் தொடங்குவதற்குத் தேவையான பக்கவாட்டு முடுக்கம் அதன் தடிமனை உயரத்தால் வகுத்தால் வருவது. பத்தை நூற்றெண்பதால் வகுத்தால் 0.055. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தரை சதவீதம் பக்கவாட்டில் வந்தாலே சுவர் ஒரு விளிம்பில் எழும்பி ஆடத் தொடங்கும். ஆடினால் உடனே விழுந்துவிடும் என்று பொருளில்லை. நிலம் திசை மாற்றிக் குலுங்குவதால் திரும்பவும் உட்காரலாம். ஆனால் வலுவான குலுக்கலில் 0.4 பங்கு வரை வருவது சாதாரணம். அப்போது சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அடியில் விழும் வளைவு விசை, ஒரு மீட்டர் நீளக் கையின் முனையில் ஏறக்குறைய 78 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். எடையால் மட்டும் சுவர் எதிர்த்து நிற்கக்கூடியது அதே கணக்கில் 11 கிலோவுக்கும் குறைவு. மீதியை முழுக்க அந்த ஒரு சென்டிமீட்டர் கலவை இணைப்பு இழுவிசையில் தாங்க வேண்டும். எங்கள் சுவரில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததும் அதே இணைப்புதான்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, யார் யாரோ சொன்ன எளிய தீர்வுகள் தாமாகவே விழுந்துவிட்டன. விரிசலில் எபாக்சி பசை நிரப்புவது, இணைப்புகளைச் சுரண்டிப் புதுக் கலவை வைப்பது, மேலே ஒரு வரி கலவை பூசுவது எல்லாம் ஒட்டும் பரப்பைச் சரி செய்யுமே தவிர இழுவிசைக்கு ஆள் சேர்க்காது. உள்பக்கம் மட்டும் சாய்வாக மரக்கட்டை முட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். சுவர் உள்ளே சாய்ந்தால் முட்டு தாங்கும். வெளியே சாய்ந்தால் முட்டு வேடிக்கை பார்க்கும். தெரு இருப்பது வெளிப்பக்கம். எந்தப் பிடிமானமும் தள்ளுவதையும் இழுப்பதையும் இரண்டையும் செய்தாக வேண்டும்.

கொத்தனார் ஒரு யோசனை சொன்னார்: "நடுநடுவில் செங்கல்லால் ஒரு முட்டுத்தூண் எழுப்பிவிடலாம் சார், அசையாது." யோசனை தவறில்லை. ஜப்பானின் கட்டட விதிகளே 1.2 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பிளாக் சுவருக்கு அதிகபட்சம் 3.4 மீட்டருக்கு ஒன்றாக முட்டுச்சுவர் கேட்கின்றன; அது சுவரின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த விதியில் முட்டுச்சுவர் தனியாக வரவில்லை. சுவருக்குள் 80 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கம்பி, அடித்தளத்தில் ஊன்றிய கம்பி, 2.2 மீட்டர் உயர வரம்பு எல்லாம் சேர்ந்துதான் அது வேலை செய்கிறது. 1978 அனுபவத்துக்குப் பின் 1981-இல் அந்த உயர வரம்பையே 3 மீட்டரிலிருந்து 2.2 ஆகக் குறைத்தார்கள். கம்பியில்லாத ஜாலி சுவரின் பக்கத்தில் கம்பியில்லாத செங்கல் தூணை எழுப்பினால், குலுங்கும்போது இரண்டும் தனித்தனியாக ஆடி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இதைப் பொறியாளர் விளக்கியதும் கொத்தனாரும் ஒத்துக்கொண்டார்.

பொறியாளர் முதலில் சொன்னது, இடித்துவிடுங்கள் அல்லது பாதி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள் என்பதுதான். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இதுவே சரியான, மலிவான விடை. உயரத்தைப் பாதியாக்கினால் அடியில் விழும் வளைவு விசை கால் பங்காகிவிடும். 90 செ.மீ. சுவருக்கு மேலே லேசான இரும்பு கிராதி வைத்தால் மறைப்பும் கிடைக்கும். நாங்கள் சுவரை வைத்துக்கொள்ள விரும்பியதால் செலவு கூடிய வழியைத் தேர்ந்தெடுத்தோம். சுவரில் சாய்வு இல்லை, கற்கள் கெட்டியாக இருந்தன, அடித்தளம் தொடர்ச்சியாக இருந்தது என்பதால்தான் அவரும் சம்மதித்தார். தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்ததில் சாய்வு தெரிந்திருந்தால், அல்லது தட்டிப் பார்க்கும்போது கற்கள் உதிர்ந்திருந்தால், இடிப்பதைத் தவிர வேறு பேச்சே எடுத்திருக்க மாட்டேன் என்றார்.

அவர் வரைந்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு கல்லையும் கிடைச் சட்டம் பிடிக்க வேண்டும். சட்டத்தை இரும்புத் தூண் பிடிக்க வேண்டும். தூணைப் பூமி பிடிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண். செங்குத்துத் தூண்களை மட்டும் நட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே உள்ள கற்களை அப்படியே விட்டுவிடுவது ஜாயின்ட் மாற்றிக் கட்டிய சுவரில் ஓரளவு உதவும். நேருக்கு நேர் அடுக்கிய சுவரில் தூண்கள் நிற்கும், நடுவிலுள்ள கற்கள் கொட்டிவிடும்.

கிடைச் சட்டங்கள் வைக்கும் இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இருந்தது. ஆறு வரிசைக் கற்களுக்கு ஆறு சட்டம் தேவையில்லை. முதல் இரண்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள இணைப்பில் ஒன்று, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் ஒன்று, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் ஒன்று. மூன்றே சட்டங்கள், ஆனால் எல்லா வரிசையும் ஒரு விளிம்பிலாவது பிடிபட்டிருக்கும். உச்சியில் கவிழ்த்து வைத்த சேனல் (ப வடிவ இரும்பு) ஒன்று தனியாக.

சட்டத்தைக் கல்லோடு எப்படி இணைப்பது? எக்ஸ்பான்ஷன் போல்ட் வேண்டவே வேண்டாம் என்றார். ஜாலி கல்லின் விலா மெல்லியது. போல்ட் விரியும்போது கல்லே பிளந்துவிடும். அதற்குப் பதிலாக நான்கு கற்களின் மூலைகள் சந்திக்கும் இடத்தில், கலவைக்குள் 12 மி.மீ. துளை. அதில் 10 மி.மீ. போல்ட். தெருப்பக்கம் 10 செ.மீ. சதுரத் தகடு, உள்பக்கம் சட்டம். தகடு நான்கு கற்களின் மூலைகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும். துளை கலவையில் போவதால் கல்லுக்குச் சேதம் இல்லை. ஓரம் கொஞ்சம் தேயலாம், அவ்வளவுதான். டிரில்லைச் சுத்தியல் இயக்கத்தில் வைக்காமல் வெறும் சுழற்சியில் ஓட்ட வேண்டும். தகட்டுக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய ரப்பர் அட்டை வைத்தோம். வெயிலில் இரும்பு நீளும்போது கல் விளிம்பு உடையாமல் அது காக்கும், மேடு பள்ளத்தையும் சமன் செய்யும். நட்டை முறுக்குவதில் நிதானம் வேண்டும். ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட்டு, இரண்டாவது நட் போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

சட்டத்துக்கு 40 மி.மீ. அகல, 5 மி.மீ. தடிமன் பட்டை போதும், பார்வைக்கும் மெல்லியதாக இருக்கும் என்று வெல்டர் சொன்னார். எனக்கும் அது அழகாகத் தெரிந்தது. பொறியாளர் கணக்குப் போட்டார். தூண்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர். ஒவ்வொரு சட்டமும் 60 செ.மீ. உயரச் சுவரைத் தாங்குகிறது. 0.4 பங்கு குலுக்கலில் அந்தப் பட்டையில் உண்டாகும் அழுத்தம், சாதாரண இரும்பு தாங்கக்கூடிய எல்லையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. அதே 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) போட்டால் எல்லையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வளைவை எதிர்க்கும் திறன் பத்து மடங்குக்கு மேல். இரும்பு எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட அது சுவர்ப்பரப்பிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டி நிற்கிறது என்பதுதான் கணக்கு. பட்டை சுவரோடு சேர்ந்து வளையும். ஆங்கிள் வளைய விடாது.

தூண்களுக்கு 50-க்கு 50, 3 மி.மீ. சதுரக் குழாய் எங்கள் உயரத்துக்குப் போதுமானதாக வந்தது. இந்த அளவுகளை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சுவர் 2.4 மீட்டர் என்றால் அடியில் வளைவு விசை எண்பது சதவீதம் கூடிவிடும். உயரம் இருமடிப் பெருக்கத்தில் வேலை செய்கிறது. நில அதிர்வின் அளவும் இடத்துக்கு இடம் மாறும். கணக்கு உங்கள் இடத்துக்குத் தனியாகப் போடப்பட வேண்டும்.

தூணை எதில் ஊன்றுவது என்பதில் பலரும் சிக்கனம் பார்ப்பார்கள். பழைய சுவரின் அடித்தளம் ஒடுக்கமானது. அதன் மேல் தகடு வைத்து போல்ட் அடித்தால் அடித்தளமே சுவரோடு சேர்ந்து புரளும். எங்களுக்கு உள்பக்கத்தில் ஒவ்வொரு தூணுக்கும் தனிக்குழி தோண்டி கான்கிரீட் போட்டோம். ஆழத்தை மண் தீர்மானிக்கிறது. குழிகளை ஒரே நேரத்தில் வரிசையாகத் தோண்டக் கூடாது என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் இறுகிய பிறகு மற்றவை. இல்லாவிட்டால் பழைய அடித்தளத்தின் பக்கத்து மண் முழுக்க ஒரே சமயத்தில் பிடி இழந்துவிடும். வேலை நடக்கும்போதுதான் சுவர் இருப்பதிலேயே பலவீனமாக இருக்கிறது. அதனால் இரு பக்கமும் தற்காலிக முட்டுக் கொடுத்து, தெருப்பக்கம் நடைபாதையைச் சுவரின் உயரத்துக்கும் கூடுதலான தூரத்துக்குத் தடுப்பு வைத்து மறித்தோம். தூண்கள் நின்று இறுகிய பிறகுதான் துளையிடும் வேலையே ஆரம்பித்தது.

இரும்பு எல்லாவற்றையும் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டி, துளையிட்டு, கால்வனைஸ் செய்து கொண்டுவந்து போல்ட்டால் மட்டும் இணைத்தோம். இடத்தில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். தூண் கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் இடத்தில் தண்ணீர் தேங்காதபடி சரிவு கொடுத்துப் பூசச் சொன்னேன். கிடைச் சட்டத்தின் போல்ட் துளைகளைத் தூண் பக்கத்தில் நீள்வட்டமாக வைத்திருக்கிறோம். சட்டம் நீளவாக்கில் நகரலாம், முன்னும் பின்னும் அசைய முடியாது.

முன்புறச் சுவரோடு வேலை முடியவில்லை. மாடிப்படி ஓரத்தில் இரண்டு தூணுக்கும் பீமுக்கும் நடுவே ஒரு ஜாலி பேனல் இருக்கிறது. இதன் சிக்கல் நேர்மாறானது. வீட்டின் சட்டகம் குலுங்கும்போது சதுரம் சாய்சதுரமாகும்; உள்ளே இறுக்கி அடைத்த ஜாலிக்கு அதோடு சேர்ந்து வளையத் தெரியாது, நொறுங்கி விழும். அதனால் இங்கே இறுக்கிப் பிடிக்காமல், மேலேயும் பக்கங்களிலும் இருந்த கலவையை வெட்டி எடுத்து இடைவெளி விட்டு, மெத்தென்ற நுரைப்பட்டையும் நெகிழும் சீலண்டும் வைத்தோம். பேனல் முன்னாலோ பின்னாலோ விழாதபடி இரு பக்கமும் ஆங்கிள் துண்டுகள். அவை பீமில் மட்டும் போல்ட் செய்யப்பட்டவை, ஜாலியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அதோடு இணைக்கப்படவில்லை. படியில் இறங்கி ஓடும் ஆள் மேல் கல் உதிர்ந்தாலும் தடுக்க உள்பக்கம் எவர்சில்வர் வலை ஒன்றையும் சட்டமிட்டுப் பொருத்தினோம்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்த ஜாலியை மட்டும் எந்த விவாதமும் இல்லாமல் எடுத்துவிட்டோம். கட்டடத்தின் உச்சியில் குலுக்கல் தரையைவிடப் பெரிதாகிவிடும். அங்கிருந்து விழும் கல், வீட்டை விட்டு வெளியே ஓடிவருபவர்கள் மேல் நேராக விழும். அமெரிக்காவில் 1933 லாங் பீச் நிலநடுக்கத்தில் இப்படிப் பலர் இறந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1949-இல் பழைய கட்டடங்களின் கைப்பிடிச் சுவர்களைச் சீர்செய்யவோ அகற்றவோ தனியாக ஒரு சட்டமே போட்டது. ஜாலி இருந்த இடத்தில் இப்போது குழாய்க் கிராதி.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை நட்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்கிறேன். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுகிறேன். லேசான அதிர்வு வந்தாலும் தூக்குக்குண்டு போட்டுப் பழைய அளவோடு ஒப்பிடுகிறேன். சுவரில் கொடி படரவிடுவதை நிறுத்திவிட்டோம், ஏனென்றால் இணைப்புகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பந்தல், நிழல்வலை, கனமான பூந்தொட்டி எதையும் இந்தத் தூண்களில் கட்டுவதில்லை. அந்தச் சுமை கணக்கில் சேர்க்கப்படவில்லை. பொறியாளர் தந்த வரைபடத்தையும் கணக்குத் தாளையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருபவர் சுவரை உயர்த்த நினைத்தாலோ, அழகு கெடுகிறது என்று ஆங்கிளைக் கழற்ற நினைத்தாலோ, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.